சேற்றுக்கென்று செய்த மூன்று சக்கரம்

பழைய ரஷ்ய சைடுகார் மோட்டார்சைக்கிளை முதன்முதலாகச் சுற்றிவந்து பார்ப்பவருக்குக் கேள்விகள் வரிசையாக எழும். இன்ஜினின் இரண்டு சிலிண்டர்களும் ஏன் இருபுறமும் இப்படித் துருத்திக்கொண்டு நிற்கின்றன? பின்சக்கரத்துக்குச் செயின் எங்கே? கிக்கரை மிதித்தால் மற்ற வண்டிகளைப்போல் பின்னோக்கிப் போகாமல் ஏன் பக்கவாட்டில் விரிகிறது? சைடுகாரின் மீது உபரியாக ஒரு சக்கரம். அதற்கும் ஓடும் மூன்று சக்கரங்களுக்கும் அளவில் வித்தியாசமே இல்லை. ராணுவத்தில் இருந்த வண்டி என்றால், சைடுகாரின் முன்பக்கத்தில் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்திய தாங்கியோ அதன் தடமோ தெரியும்.

எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இது நகரச் சாலையை நினைத்து வரைந்த வண்டி அல்ல. சேறு, பனி, மட்டமான பெட்ரோல், பட்டறையே இல்லாத நெடுந்தூரம், அவசரமாகப் பயிற்சி பெற்ற சிப்பாய் ஆகியவற்றைக் கணக்கில் வைத்து உருவானது. ராணுவம் கழித்துவிட்ட பிறகும், இரண்டு மூன்று கை மாறிய பிறகும் அது ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அதுவே.

அதன் குடும்ப மரம் ஜெர்மனியில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் விமான இன்ஜின் செய்துகொண்டிருந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்கு, வெர்சாய் உடன்படிக்கைக்குப் பின் அந்தத் தொழில் தடைபட்டது. 1923-இல் அதன் பொறியாளர் மாக்ஸ் ஃபிரிட்ஸ் ஆர்-32 என்ற மோட்டார்சைக்கிளை வடிவமைத்தார். சிலிண்டர்கள் இரண்டும் இடமும் வலமுமாகக் காற்றில் நீண்டிருந்தன. செயினுக்குப் பதில் சுழலும் உருக்குத் தண்டு பின்சக்கரத்தை ஓட்டியது. அந்த வழியில் 1938-இல் வந்தது ஆர்-71. அதன் கொள்ளளவு 746 சிசி, திறன் 22 குதிரைத்திறன்.

சோவியத் ராணுவத்துக்கு அப்போது கனமான, நம்பகமான மோட்டார்சைக்கிள் ஒன்று தேவைப்பட்டது. 1939 ஆகஸ்டில் மாஸ்கோவும் பெர்லினும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. ஆர்-71 சோவியத் கைக்குப் போன விதத்தைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. நடுநிலை நாடான ஸ்வீடன் வழியாக ஐந்து வண்டிகளை ரகசியமாக வாங்கி, மாஸ்கோவில் ஒவ்வொரு திருகாகப் பிரித்து அளந்து வரைபடம் எடுத்தார்கள் என்பது ஒன்று. ஒப்பந்த நட்பின் நிழலில் ஜெர்மானியரே தொழில்நுட்பத்தைக் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. எப்படி வந்திருந்தாலும், 1941-இல் எம்-72 என்ற பெயரில் மாஸ்கோவில் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் ஜெர்மன் படை எல்லையைத் தாண்டியது.

இலையுதிர் காலத்தில் எதிரி மாஸ்கோவை நெருங்கியபோது, ஆலையைக் கழற்றி ரயிலில் ஏற்றினார்கள். 1941 ஜூலை முதல் நவம்பர் வரை இப்படிக் கிழக்கே நகர்த்தப்பட்ட பெரிய தொழிற்சாலைகள் 1,523 என்று சோவியத் கணக்கு சொல்கிறது. மோட்டார்சைக்கிள் ஆலைக்குக் கிடைத்த இடம் யூரல் மலைகளுக்குக் கிழக்கே உள்ள இர்பித் என்ற சிற்றூர். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து சந்தைக்குப் பேர்போன ஊர் அது. ஜார் காலத்து ரஷ்யாவில் நீஷ்னி நோவ்கரோதுக்கு அடுத்த பெரிய சந்தை அங்கேதான் கூடியது. ஆனால் இயந்திரங்களை இறக்கி வைக்கத் தோதான கட்டடம் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு பீர் வடிப்பாலை. அதற்குள் லேத்துகளை நிறுத்தி வேலையைத் தொடங்கினார்கள். 1942 அக்டோபரில் இர்பித்தின் முதல் தொகுதி வண்டிகள் போர்முனைக்குக் கிளம்பின. போர் முடிவதற்குள் அனுப்பப்பட்ட எம்-72 வண்டிகள் 9,799 என்பது ஆலையின் பதிவு.

போர்முனையில் அவை உளவுப் படைக்கும் செய்தி கொண்டுபோகிறவர்களுக்கும் இயந்திரத் துப்பாக்கிக் குழுக்களுக்கும் பயன்பட்டன. வசந்தத்தில் பனி உருகும்போதும் இலையுதிர் கால மழையிலும் ரஷ்யாவின் மண்சாலைகள் கூழாகிவிடும். லாரி புதைந்து நிற்கும் இடத்தில், மூன்று பேர் இறங்கித் தூக்கித் தள்ளினால் நகரக்கூடிய வண்டிக்கு மதிப்பு அதிகம்.

இன்ஜினிலிருந்து பார்க்கலாம். எந்த பிஸ்டனும் நொடிக்குப் பலமுறை ஓடுவதும் நிற்பதும் திரும்புவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் நிறை இன்ஜினை ஒரு பக்கம் உதைக்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தவர் கை மரத்துப்போவது இதனால்தான். இந்த வண்டியில் இருக்கும் பாக்ஸர் வகை இன்ஜினில் இரண்டு பிஸ்டன்களும் எதிரெதிர்த் திசையில், ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. ஒன்றின் உதையை மற்றொன்றின் உதை அழித்துவிடுகிறது. முழுமையாக அல்ல: கிராங்க் ஷாஃப்டில் இரண்டும் ஒரே புள்ளியில் அமர முடியாது, ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னால் இருக்கும். அந்தச் சிறு இடைவெளி இன்ஜினை மெல்ல இட வலமாக ஆட்டும். மற்றபடி, அதிர்வால் நட்டுகள் கழன்று விழுவது இந்த அமைப்பில் குறைவு. கூடுதல் எடைகளோ நுணுக்கமான பல்சக்கரங்களோ இல்லாமலே கிடைக்கும் சமநிலை இது.

சிலிண்டர்கள் வெளியே நீட்டி நிற்பதால் காற்று இரண்டின் மீதும் ஒரே அளவில் படுகிறது. முன்னும் பின்னுமாக சிலிண்டர்கள் அமைந்த வண்டிகளில் பின்னது முன்னதன் சூட்டில் வேகும். அமெரிக்க ராணுவம் இதே ஜெர்மன் வடிவத்தைப் பார்த்து ஹார்லி-டேவிட்சனிடம் எக்ஸ்.ஏ. என்ற வண்டியைச் செய்யச் சொன்னது. 1942-இல் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் தயாராயின. அந்நிறுவனத்தின் வழக்கமான வி-வடிவ இன்ஜினைவிட அதன் சிலிண்டர் தலைகள் சுமார் 55 டிகிரி செல்சியஸ் குறைவான சூட்டில் இயங்கின. முதல் கியரில் மணிக்கணக்காகச் சேற்றை உழுதுகொண்டு போகும் வண்டிக்கு இந்த 55 டிகிரி பெரிய வரம். அமெரிக்கர்கள் அதைத் தொடரவில்லை, ஜீப் வந்துவிட்டது. சோவியத் ராணுவம் தொடர்ந்தது.

கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடப்பதில் இன்னொரு லாபம். இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு எல்லாம் ஒரே போக்கில் வரிசையாக அமைகின்றன. சுழற்சி 90 டிகிரி திரும்புவது ஒரே இடத்தில், பின்சக்கரத்தை ஒட்டி, மூடிய எண்ணெய்ப் பெட்டிக்குள். செயின் வெளியே கிடக்கும். சேறும் மணலும் சேர்ந்தால் அரம்போல் அதைத் தின்றுவிடும். தண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கவாட்டில் விரியும் கிக்கருக்கும் காரணம் இதுதான்: கியர்பாக்ஸின் தண்டுகள் நீளவாக்கில் இருப்பதால், அவற்றைச் சுழற்ற எளிதான திசை பக்கவாட்டுத் திசையே.

எம்-72 இன்ஜினின் மிகப் பழமையான பகுதி அதன் வால்வுகள். அவை சிலிண்டர் தலையில் இல்லை, சிலிண்டரின் ஓரத்தில் இருந்தன. எரியறை பிஸ்டனுக்கு மேலே மட்டும் அடங்காமல் வால்வுகளின் மேலும் பரந்து கிடந்தது. அதனால் பெட்ரோல்-காற்றுக் கலவையை அதிகம் அழுத்த முடியாது. எம்-72 அதை 5.5 மடங்குதான் அழுத்தியது. பெட்ரோல் இன்ஜினுக்கான ஓட்டோ சுழற்சியின் கணக்குப்படி, 5.5 மடங்கு அழுத்தினால் எரிபொருளின் வெப்பத்தில் அதிகபட்சம் 49 சதவீதத்தை வேலையாக்கலாம். 9 மடங்கு அழுத்தினால் 58 சதவீதம் வரை போகலாம். இவை ஏட்டுக் கணக்கு, நடப்பில் கிடைப்பது இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் இடைவெளியின் அளவு புரியும். 746 சிசி இன்ஜினிலிருந்து 22 குதிரைத்திறன் மட்டுமே கிடைத்தது. 1970-களில் இர்பித் செய்த எம்-67-36, வால்வுகளைத் தலைக்கு மாற்றி, 649 சிசி-யிலிருந்து 36 குதிரைத்திறனை எடுத்தது.

அப்படியானால் பக்க வால்வு தவறான தேர்வா? போர்க்காலத்துக்கு அதுவே சரி. கலவையை அதிகம் அழுத்தினால், தீப்பொறி வருவதற்கு முன்போ, சுடர் பரவி முடிவதற்குள்ளோ அது தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டும். அதைத் தாங்கும் ஆற்றலைத்தான் ஆக்டேன் எண் அளக்கிறது. 66 ஆக்டேன் பெட்ரோலே கிடைக்கும் நாட்டில் 9 மடங்கு அழுத்தும் இன்ஜின் ஒரு வாரம் தாங்காது. எம்-72 அந்தப் பெட்ரோலைக் குடித்துவிட்டு ஓடியது. மேலும், வால்வு இல்லாத சிலிண்டர் தலை வெறும் மூடிதான். போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். படிந்த கரியைச் சாலையோரத்திலேயே சுரண்டிவிட்டு மூடலாம். திறனை விட்டுக்கொடுத்து, பழுதுபார்க்கும் வசதியை வாங்கிக்கொண்ட வடிவமைப்பு அது. போர்முனையில் இருந்தவர்கள் எதை விரும்பியிருப்பார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இனி சைடுகார். இருசக்கர வண்டியில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இதில் ஏறியதும் திணறுவார்கள். இருசக்கர வண்டி சாய்ந்து திரும்புகிறது. அதன் ஓட்டுநர் அறிந்தோ அறியாமலோ ஹேண்டில்பாரை ஒரு கணம் எதிர்த்திசையில் தள்ளி வண்டியைச் சாய்க்கிறார். மூன்றாவது சக்கரம் வந்ததும் சாய்வு போய்விடுகிறது. போகவேண்டிய பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும். உடம்பில் ஊறிய பழக்கத்தை மறக்கவேண்டியிருப்பதால், அனுபவசாலியைவிடப் புதியவர் சீக்கிரம் கற்றுக்கொள்வதும் உண்டு.

அடுத்த சிக்கல் நேராகப் போவது. சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் ரஷ்ய வண்டிகளில் சைடுகார் வலப்பக்கம் இருக்கிறது. (இடப்பக்கம் ஓட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும் சைடுகார் இடப்பக்கம் இருக்கும், இங்கே சொல்வதையெல்லாம் அங்கே மாற்றிப் படிக்க வேண்டும்.) உந்து விசை பின்சக்கரத்தில் பிறக்கிறது. மொத்த வண்டியின் நிறை மையமோ அந்தச் சக்கரக் கோட்டுக்கு வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. மாட்டுவண்டியில் இடப்பக்க மாடு மட்டும் முன்னே இழுத்தால் வண்டி வலப்பக்கம் திரும்புமே, அதேதான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். சைடுகார் சக்கரத்தில் பிரேக் இல்லாத வண்டியில் பிரேக்கை அழுத்தினால், நிற்க மறுக்கும் சைடுகார் முன்னால் பாயப் பார்க்கும், வண்டி இடப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநரின் கை இதைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

இந்த இழுப்பை ஓரளவு அடக்க இரண்டு வழிகள் உண்டு. சைடுகார் சக்கரத்தை மோட்டார்சைக்கிளுக்கு இணையாக வைக்காமல், அதன் முன்பகுதி கொஞ்சம் உள்நோக்கி இருக்கும்படி பொருத்துகிறார்கள். இரு சக்கரக் கோடுகளுக்கிடையே முன்னும் பின்னும் அளந்தால் சுமார் 10 மில்லிமீட்டர் வித்தியாசம். மோட்டார்சைக்கிளையும் செங்குத்தாக நிறுத்தாமல், சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் ஒன்றிரண்டு டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். மழைநீர் வடிய சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால் வரும் இழுப்பை இந்தச் சாய்வு ஈடுகட்டுகிறது.

ஆபத்து திருப்பத்தில் இருக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டி வெளிப்புறமாக, அதாவது இடப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அப்போது அது சாயும் அச்சு, முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையைத் தொடும் கோடு. நிறை மையம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவே பாதுகாப்பு. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மோட்டார்சைக்கிள் 230 கிலோ, ஓட்டுநர் 75 கிலோ, காலியான சைடுகார் 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சைடுகாரின் எடை 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், மொத்த நிறை மையம் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர்தான் தள்ளியிருக்கும். அது தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், புவியீர்ப்பின் மூன்றில் ஒரு பங்கு அளவு பக்கவிசை போதும், சைடுகார் எழும்பிவிடும். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம். இருசக்கர வண்டிக்காரர் யோசிக்காமலே எடுக்கிற வேகம்தான். சைடுகாரில் 75 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தால் எல்லை 35 கிலோமீட்டருக்கு உயர்கிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் காலிச் சைடுகாரில் மணல் மூட்டை வைத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த 6 கிலோமீட்டர் இடைவெளி. சைடுகார் பந்தயங்களில் உடன் செல்பவர் வளைவுக்கு வளைவு உடம்பை வெளியே வீசித் தரையை உரசுவதுபோல் தொங்குவதும் இதே கணக்குதான்.

இடப்பக்கத் திருப்பத்தில் எல்லை உயரம். ஆனால் அது தாண்டப்பட்டால் விளைவு மோசம். அப்போது கவிழும் அச்சு முன்சக்கரத்தையும் சைடுகார் சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோடு. பின்சக்கரம் தரையை விட்டு எழும். சைடுகாரின் மூக்கு மண்ணில் குத்தும். மோட்டார்சைக்கிள் அதன்மேல் உருண்டு விழும். சைடுகார் சக்கரத்தைப் பின்சக்கரத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பொருத்துவது இந்த முக்கோணத்தை அகலப்படுத்தத்தான்.

போர்க்கால எம்-72-இல் இன்ஜின் ஓட்டியது பின்சக்கரத்தை மட்டுமே. எதிர்த்தரப்பிலிருந்த பி.எம்.டபிள்யூ. ஆர்-75, சுண்டாப் கே.எஸ்-750 ஆகியவற்றில் சைடுகார் சக்கரமும் ஓட்டப்பட்டது. இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும், பூட்டக்கூடிய டிஃபரன்ஷியலும் ரிவர்ஸ் கியரும் இருந்தன. அற்புதமான இயந்திரங்கள் அவை. செய்வதற்குக் கடினமானவை, செலவும் அதிகம். போருக்குப் பின், எம்-72-ஐச் செய்த இன்னொரு ஆலையான கீவ் ஆலை அந்த வழியில் இறங்கி, டிஃபரன்ஷியலுடன் இருசக்கர ஓட்டம் உள்ள ராணுவ வண்டிகளைச் செய்தது. இர்பித் ஆலை பிற்காலத்தில் யூரல் என்ற பெயரில் செய்த வண்டி இன்னும் எளிய வழியைப் பிடித்தது. டிஃபரன்ஷியலே கிடையாது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பின்சக்கரமும் சைடுகார் சக்கரமும் ஒரே தண்டால் பிணைந்துவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும் என்பதால் தார்ச்சாலையில் அதைப் போட்டால் வண்டி திரும்ப அடம்பிடிக்கும். மணலிலும் பனியிலும் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், புதைந்த வண்டி வெளியே வந்துவிடும். வந்ததும் நெம்புகோலைத் திருப்பிவிட வேண்டும்.

எம்-72 ஒரே ஊரோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் கோர்க்கியில் செய்தார்கள்; அந்த உற்பத்தி பின்னர் கீவுக்குப் போய், நீப்பர் என்ற பெயரில் தனிக் கிளையானது. 1950-களின் இறுதியில் சீனாவும் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. சாங்ஜியாங் 750 என்ற பெயரில் சீன ராணுவம் பல பத்தாண்டுகள் அதை ஓட்டியது. ராணுவத்துக்கு வண்டி கொடுக்கும் பொறுப்பைக் கீவ் ஏற்றுக்கொண்ட பிறகு, இர்பித் பொதுமக்களுக்காகச் செய்ய ஆரம்பித்தது. சோவியத் கிராமத்தில் கார் வாங்குவது எளிதல்ல. அங்கே யூரல்தான் குடும்ப வாகனம், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் வண்டி, வைக்கோல் வண்டி எல்லாமும். இயந்திரத் துப்பாக்கிக்காரரைச் சுமக்கக் கட்டிய சட்டம் ஒரு கன்றுக்குட்டியைச் சுமக்கத் திணறவா போகிறது!

இன்று மேலை நாடுகளில் பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் ஏமாறக்கூடிய இடம் அதன் அடையாளம். பச்சையோ சாம்பலோ பூசி, ஜெர்மன் சின்னம் ஒட்டிய எம்-72-ஐ ‘போர்க்கால பி.எம்.டபிள்யூ.’ என்று பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் உண்டு. உருவம் அவ்வளவு ஒத்துப்போவதால் சட்டத்திலும் இன்ஜினிலும் உள்ள எண்களைப் பார்க்காமல் நம்பக்கூடாது. எம்-72 என்ற பெயரோடு வந்தாலே அதற்குப் போதிய பெருமை உண்டு என்பதை விற்பவர்கள் உணர்ந்தால் நல்லது.

அடையாளத்தை அடுத்து இன்ஜினின் உள்ளே. 650 சிசி யூரலும் நீப்பரும் வெளியிலிருந்து பார்த்தால் சகோதரர்கள், கிராங்க் ஷாஃப்டில் வேறுபட்டவர்கள். யூரலில் கனெக்டிங் ராடுகள் உருளை பேரிங்கில் ஓடும். கிராங்க் ஷாஃப்டைத் துண்டுகளாகச் செய்து அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். நீப்பரில் ஒரே வார்ப்பான கிராங்க் ஷாஃப்ட், காரில் இருப்பதுபோன்ற வழவழப்பான பேரிங் ஓடுகள். பழைய யூரலில் எண்ணெய்க்குக் காகித வடிகட்டி கிடையாது, கம்பிவலைதான். நீப்பரில் எண்ணெயைச் சுழற்றி அழுக்கைப் பிரிக்கும் சுழல்வடிப்பான் உண்டு. எதுவானாலும் எண்ணெயை அடிக்கடி மாற்றியவரின் வண்டி நீடிக்கிறது. கறுத்துக் கெட்டியான எண்ணெயோடு விற்பனைக்கு நிற்கும் வண்டியை விட்டு விலகிப்போவதே நல்லது.

எல்லாச் சக்கரங்களும் ஒரே அளவு என்பதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றிப் போடலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. பின்சக்கரத்தின் ஹப்பில் பல் வெட்டிய துளை இருக்கிறது. ஓட்டுத் தண்டு அதில் பொருந்திச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் அந்தப் பற்கள் தேய்ந்து ஒருநாள் வழுக்கிவிடும். சக்கரத்தை உருவி அந்தப் பற்களைப் பார்த்தால், முந்தைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். டயரும் பேசும்: பின் டயர் ஓராயிரம் கிலோமீட்டரிலேயே வழவழவென்று ஆகியிருந்தால், சைடுகாரின் உள்நோக்கு அளவு கூடிவிட்டது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கார்புரேட்டர். இரண்டும் ஒத்து வேலை செய்யாவிட்டால், சமநிலைக்குப் பேர்போன இன்ஜின் நடுங்கும். இதைச் சரிசெய்யப் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட முறை அழகானது. பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு ஓடவிடுவார்கள். ஒரு பக்க ஸ்பார்க் பிளக்கை வேலை செய்யாமல் நிறுத்திவிட்டு, மறுபக்க சிலிண்டர் மட்டும் ஓட்டும்போது ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு பக்கத்தை மாற்றுவார்கள். இரண்டு முறையும் முள் ஒரே எண்ணில் நிற்கும்வரை திருகைத் திருப்புவார்கள். வண்டியிலேயே இருக்கும் மீட்டர்தான் அளவுகோல். வேறு கருவி எதுவும் வேண்டாம்.

சோவியத் ஒன்றியம் மறைந்தபின் கீவ் ஆலை மெல்ல நின்றுபோனது. இர்பித் தனியார் கைக்கு மாறி, மிகச் சுருங்கி, பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குவோரை நம்பி உயிர்பிழைத்தது. 2014-இல் யூரலுக்குக் கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் செலுத்தி வந்தது. 2022-இல் உக்ரைன் போரும் பொருளாதாரத் தடைகளும் வந்தபோது, வண்டிகளைப் பூட்டும் வேலை இர்பித்திலிருந்து கஜகஸ்தானின் பெத்ரோபாவ்ல் நகரத்துக்கு மாறியது. போரின் காரணமாக அந்த ஆலை இடம்பெயர்ந்தது அது இரண்டாவது முறை. புதிய வண்டியிலும் பாக்ஸர் இன்ஜின், தண்டு ஓட்டம், ரிவர்ஸ் கியர் எல்லாம் அப்படியே. சைடுகார் சரியாக நிற்கிறதா என்று பார்க்க அன்றுபோலவே இன்றும் இரண்டு நேரான பலகைகள் போதும்: ஒன்றை மோட்டார்சைக்கிள் சக்கரங்களை ஒட்டியும் மற்றொன்றை சைடுகார் சக்கரத்தை ஒட்டியும் தரையில் வைத்து, முன்னும் பின்னும் இடைவெளியை அளந்துகொள்ளலாம்.